ஒற்றை வரியில் நிறுவலாம், பிறகு எதற்குத் தானியக்கம்? கே3எஸ் கிளஸ்டரும் ஆன்சிபிளும்

கே3எஸ் என்ற மென்பொருளை நிறுவ ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். லினக்ஸ் கணினியின் டெர்மினலில் அந்த வரியை ஒட்டி என்டரைத் தட்டினால், இணைய வேகம் ஓரளவு நன்றாக இருக்கும்பட்சத்தில், சற்று நேரத்தில் முழுமையான குபெர்நெட்டீஸ் கிளஸ்டர் (ஒன்றாக நிர்வகிக்கப்படும் கணினிகளின் தொகுதி; ஒரே கணினியாகவும் இருக்கலாம்) ஒன்று அந்தக் கணினியில் ஓடத் தொடங்கிவிடும். இவ்வளவு எளிதான வேலையைத் தானியக்கமாக்குவதற்கென்று ஆன்சிபிள் போன்ற இன்னொரு கருவியை ஏன் கற்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஒற்றை வரி ஓடுவதற்கு முன்னால் கணினி எந்த நிலையில் இருந்தது, ஓடி முடிந்த பிறகு கையால் என்னென்ன மாற்றினோம் என்பவை எங்கும் எழுதப்படாமல் போய்விடுகின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒரு கணினியோடு நிற்கும் வரை இது உறைக்காது. மூன்று கணினிகளை ஒன்றாக இணைக்க உட்காரும் நாளில் உறைக்கும்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். கன்டெய்னர் என்பது ஒரு செயலியையும் அது ஓடுவதற்குத் தேவையான நூலகங்களையும் சேர்த்துக் கட்டிய பொதி. மெய்நிகர் கணினியைப் போலத் தனக்கென்று ஒரு முழு இயங்குதளத்தை அது சுமப்பதில்லை. தான் ஓடும் கணினியின் லினக்ஸ் கெர்னலையே பகிர்ந்துகொள்வதால் நொடிகளில் தொடங்கி நொடிகளில் நின்றுவிடுகிறது. 2013-இல் டாக்கர் வெளிவந்த பிறகு இந்தப் பொதிகளைக் கட்டுவது எவருக்கும் எளிதாயிற்று. பத்துக் கணினிகளில் நூறு கன்டெய்னர்கள் ஓடும்போதோ, எது எந்தக் கணினியில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் யார் எழுப்புவது, ஒன்றை மற்றொன்று எந்த முகவரியில் தேடுவது என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. இவற்றைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளே கன்டெய்னர் ஒருங்கிணைப்பான். கூகுள் 2014-இல் திறமூலமாக அறிவித்து, 2015 ஜூலையில் 1.0 பதிப்பைக் கண்ட குபெர்நெட்டீஸ் இவற்றுள் மிகப் பரவலானது. கிரேக்க மொழியில் அப்பெயருக்குக் கப்பலைச் செலுத்துபவர் என்று பொருள். நம் பழைய சொல்லில் சொன்னால் மீகாமன்.

குபெர்நெட்டீஸ் வேலை செய்யும் முறையில் ஒரு கருத்தை இங்கேயே பிடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஆன்சிபிளைப் பேசும்போதும் அதே கருத்துக்குத்தான் திரும்பி வரப் போகிறோம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் "கிழக்குச் சுவரில் எந்நேரமும் நான்கு பேர் வேலையில் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டால், ஒருவர் வராத நாளில் வேறொருவரைக் கொண்டுவருவதும், ஐந்து பேர் நின்றால் ஒருவரை வேறு இடத்துக்கு அனுப்புவதும் அவருடைய பொறுப்பு. யாரை, எப்போது, எப்படி என்று நாம் சொல்வதில்லை. இருக்க வேண்டிய நிலையை மட்டும் சொல்கிறோம். குபெர்நெட்டீஸிடமும் "இந்தச் செயலிக்கு நான்கு பிரதிகள் ஓட வேண்டும்" என்று எழுதிக் கொடுக்கிறோம். அது இருக்கும் நிலையையும் இருக்க வேண்டிய நிலையையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு தென்பட்டால் சரிசெய்துகொண்டே இருக்கிறது.

எடை குறைந்த குபெர்நெட்டீஸ்

முழு அளவுக் குபெர்நெட்டீஸைக் கையால் நிறுவுவது பெரிய வேலை. கட்டளைகளைப் பெறும் ஏபிஐ சர்வர், கன்டெய்னர்களுக்கு இடம் ஒதுக்கும் ஷெட்யூலர், நிலையை ஒப்பிடும் கன்ட்ரோலர் மேனேஜர், தரவைச் சேமிக்கும் எட்சிடி, ஒவ்வொரு கணினியிலும் ஓடும் குபெலெட் என்று பல நிரல்கள். அவை ஒன்றோடொன்று பேசுவதற்குச் சான்றிதழ்கள். அவற்றுக்கு மேல் பிணைய வசதிக்கெனத் தனியாக ஒரு செருகுநிரல். ராஞ்சர் லேப்ஸ் நிறுவனம் 2019 பிப்ரவரியில் வெளியிட்ட கே3எஸ், இவற்றின் வேலைகள் அனைத்தையும் 100 மெகாபைட்டுக்கும் குறைவான ஒரே கோப்பில் அடக்கியது. 2020-இல் இத்திட்டம் குபெர்நெட்டீஸைப் பேணும் அதே சிஎன்சிஎஃப் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. பெயருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் பத்து எழுத்துள்ள குபெர்நெட்டீஸை, முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இடையே எட்டு எழுத்துகள் இருப்பதால், கே8எஸ் என்று சுருக்கி எழுதுவார்கள். நினைவகத்தில் அதன் பாதியளவே எடுக்கும் ஒன்றை உருவாக்க விரும்பியவர்கள், பாதி என்றால் ஐந்து எழுத்து, ஐந்தெழுத்துச் சொல்லைச் சுருக்கினால் நடுவே மூன்று என்று கணக்கிட்டு கே3எஸ் என்றார்கள். அந்த ஐந்தெழுத்துச் சொல் என்று எதுவும் கிடையாது.

எடை குறைந்தது என்பதால் வசதி குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டி, கணினிகளுக்கிடையே பிணையம் அமைக்கும் ஃபிளானல், பெயர்களை முகவரிகளாக மாற்றும் கோர்டிஎன்எஸ், வெளியிலிருந்து வரும் வலைக் கோரிக்கைகளை உரிய செயலிக்குத் திருப்பும் டிராஃபிக் ஆகியவை அதனுடனேயே வருகின்றன. எடையைக் குறைத்ததில் முக்கியமான முடிவு தரவுக் கிடங்கைப் பற்றியது. ஒரே சர்வர் மட்டும் உள்ள கிளஸ்டரில் எட்சிடிக்குப் பதிலாக எஸ்கியூலைட் என்ற சின்னஞ்சிறு தரவுத்தளத்தைக் கே3எஸ் பயன்படுத்துகிறது. எட்சிடியிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு குபெர்நெட்டீஸ் அனுப்பும் கோரிக்கைகளை, கைன் என்ற இடையடுக்கு எஸ்கியூஎல் வினவல்களாக மாற்றித் தருகிறது. கே3எஸ் கிளஸ்டரில் இரண்டு வகைக் கணுக்கள், அதாவது உறுப்புக் கணினிகள், உண்டு. முடிவெடுக்கும் பகுதியை ஓட்டுபவை சர்வர்கள். சொன்ன கன்டெய்னர்களை ஓட்டுபவை ஏஜென்ட்டுகள். சர்வருக்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகமும் ஏஜென்ட்டுக்கு 512 எம்பியும் வேண்டும் என்று அதன் ஆவணம் சொல்கிறது. ஆகையால் ராஸ்பெரி பை போன்ற கைக்கு அடங்கும் கணினிகளிலும் இது ஓடுகிறது, கற்பவர்கள் பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எழுதப்படாத பகுதி

நானும் மூன்று ராஸ்பெரி பை 4 கணினிகளோடு தொடங்கினேன். ஒரு மெமரி கார்டில் இயங்குதளத்தைப் பதிந்து, எனக்கு வேண்டிய அமைவுகளைச் செய்து, நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து அதையே மற்ற இரண்டு கார்டுகளுக்கும் நகலெடுத்தேன். முதல் கணினியில் சர்வரை நிறுவியாயிற்று. இரண்டாவதை ஏஜென்ட்டாக இணைக்க முயன்றபோது அது இணையவே இல்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், கணுவின் கடவுச்சொல் நிராகரிக்கப்பட்டது, ஒரே பெயரில் இன்னொரு கணினி இருக்கலாம் என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கடவுச்சொல் எதையும் நான் கொடுத்திருக்கவே இல்லை என்பதால் அந்த வரி எனக்கு முதலில் புரியவில்லை. நடந்தது இதுதான்: ஒரு கணு கிளஸ்டரில் முதன்முறை சேரும்போது கே3எஸ் அதற்கென்று தானாகவே ஒரு கடவுச்சொல்லை உருவாக்கி, அந்தக் கணினியில் ஒரு கோப்பிலும் கிளஸ்டருக்குள் ஓர் இரகசியமாகவும் வைத்துக்கொள்கிறது. அடுத்து அதே பெயரில் வேறு எந்தக் கணினி வந்தாலும் கடவுச்சொல் பொருந்தாது. ஆகவே வாசலிலேயே நிறுத்திவிடும். நகலெடுத்த கார்டுகள் மூன்றிலும் கணினிப் பெயர் ஒன்றாகவே இருந்தது. கே3எஸ் செய்தது சரியான காரியம். இருவேறு கணினிகள் ஒரே பெயரில் உள்ளே நுழைந்திருந்தால், ஒரே கணு இரண்டு இடங்களிலிருந்து முரண்பட்ட தகவல்களை அனுப்பிக்கொண்டிருந்திருக்கும்.

ஒற்றை வரிக் கட்டளை தனக்கு முன்பே சரியாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும் செய்திகள் பல; கணினிப் பெயர் அவற்றுள் ஒன்று. ராஸ்பெரி பையில் நினைவகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சிகுரூப் வசதியைக் கெர்னல் தொடங்கும்போதே இயக்கிவிட வேண்டியிருக்கும். இல்லையேல் கே3எஸ் தொடங்காது. கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். ராஸ்பெரி பை 4-இல் மின்சாரம் நின்றாலும் ஓடும் கடிகாரம் கிடையாது என்பதால், மின்வெட்டுக்குப் பிறகு எழும் கணினி, பிணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெறும் வரை பழைய நேரத்திலேயே இருக்கும். அந்த இடைவெளியில் கிளஸ்டரின் சான்றிதழைப் பார்த்தால் "இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை" என்று மறுத்துவிடும். ஃபயர்வால் இருந்தால், ஏபிஐ சர்வருக்கான 6443 டிசிபி போர்ட்டும், ஃபிளானல் கணுக்களுக்கிடையே பயன்படுத்தும் 8472 யுடிபி போர்ட்டும், குபெலெட்டுக்கான 10250-உம் கணுக்களுக்குள் திறந்திருக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் வரும் கோளாறு மிகவும் சோதிக்கும்: எல்லாக் கணுக்களும் நலமாக இருப்பதாகவே கிளஸ்டர் காட்டும், ஆனால் ஒரு கணினியில் உள்ள கன்டெய்னரால் அடுத்த கணினியில் உள்ள கன்டெய்னரை எட்ட முடியாது. வீட்டு ரவுட்டர் தரும் ஐபி முகவரி மாறாமல் இருக்கும்படி ஒதுக்கியும் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பலர் கவனிக்கத் தவறுவது பதிப்பு எண். பதிப்பைக் குறிப்பிடாமல் அந்த வரியை ஓட்டினால், அன்றைய தேதியில் எது நிலையான பதிப்போ அதுவே இறங்கும். இன்று ஒரு சர்வரை நிறுவிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே வரியைக் கொண்டு ஓர் ஏஜென்ட்டைச் சேர்த்தால், சர்வரைவிடப் புதிய பதிப்பில் ஏஜென்ட் வந்து நிற்கும். ஏஜென்ட் சர்வரைவிடப் புதியதாக இருக்கக் கூடாது என்பது குபெர்நெட்டீஸின் விதி. கட்டளை ஓர் எழுத்தும் மாறவில்லை, விளைவு மாறிவிட்டது.

படிகளை எழுதுவதும் நிலையை எழுதுவதும்

இவற்றையெல்லாம் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் வரிசையாக எழுதிவிட்டால் போதாதா என்ற எண்ணம் இயல்பாகவே வரும். ஸ்கிரிப்ட் எழுதுவது ஒன்றும் எழுதாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். அது எங்கே சறுக்கும் என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டில், அருகில் வைத்துப் பார்ப்போம்.

மேலே சொன்ன சிகுரூப் வசதியை இயக்க, ராஸ்பெரி பையின் துவக்கப் பகுதியில் உள்ள ஒரு கோப்பில் இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கோப்பின் கடைசியில் எழுத்தைச் சேர்க்கும் வழக்கமான ஷெல் கட்டளையைக் கொடுத்தால், அந்தச் சொற்கள் பெரும்பாலும் இரண்டாவது வரியாகப் போய் உட்காரும். கணினி அவற்றைக் கண்டுகொள்ளாது. சரி, முதல் வரியின் கடைசியிலேயே சேர்க்கும்படி ஸ்கிரிப்டைத் திருத்துகிறோம். அது வேலை செய்கிறது. வேறு ஏதோ காரணத்துக்காக ஸ்கிரிப்டை மறுநாள் மீண்டும் ஓட்டினால் அதே சொற்கள் இரண்டாம் முறையும் சேர்கின்றன, மூன்றாம் நாள் மூன்றாம் முறை. ஆகவே "ஏற்கெனவே இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் மட்டும் சேர்" என்று ஒரு நிபந்தனை போடுகிறோம். பிறகு, சேர்த்திருந்தால் மட்டும் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும், சேர்க்காவிட்டால் வேண்டாம் என்று இன்னொரு நிபந்தனை. இப்படி ஒவ்வொரு படிக்கும் நிபந்தனை சேர்த்துக்கொண்டே போனால், நிறுவலைவிட நிபந்தனைகளே ஸ்கிரிப்டை நிறைத்துவிடும்.

ஆன்சிபிள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. மைக்கேல் டிஹான் உருவாக்கி 2012-இல் வெளியிட்ட இக்கருவியை 2015-இல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கியது. நம் மடிக்கணினியில் ஆன்சிபிளை நிறுவினால் போதும். நிர்வகிக்கப்படும் கணினிகளில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் முறை) வழியாக நுழைய அனுமதியும் பைத்தானும் இருந்தால் வேறெதையும் அங்கே நிறுவ வேண்டியதில்லை. எந்தெந்தக் கணினிகள், அவற்றில் எவை சர்வர், எவை ஏஜென்ட் என்று சொல்லும் கோப்புக்கு இன்வென்டரி என்று பெயர். அந்தக் கணினிகள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று யாமல் என்ற எளிய உரை வடிவத்தில் எழுதிவைக்கும் கோப்புக்குப் பிளேபுக் என்று பெயர். பிளேபுக்கில் உள்ள ஒவ்வொரு பணியும் ஒரு மாட்யூலை அழைக்கிறது. கோப்பைத் திருத்த ஒன்று, கணினிப் பெயரை அமைக்க ஒன்று, சேவையைத் தொடங்க ஒன்று என்று ஆயத்தமான மாட்யூல்கள் நிறைய உள்ளன.

மாட்யூல் வேலை செய்யும் விதம் மேஸ்திரியை நினைவூட்டும். "இந்தச் சொற்கள் அந்த வரியில் இருக்க வேண்டும்" என்று எழுதினால், மாட்யூல் முதலில் போய்ப் பார்க்கும். இருந்தால் எதையும் தொடாமல் சரி என்று பச்சை நிறத்தில் தெரிவிக்கும், இல்லாவிட்டால் சேர்த்துவிட்டு, மாற்றப்பட்டது என்று மஞ்சள் நிறத்தில் தெரிவிக்கும், முடியாவிட்டால் சிவப்பு. ஒரு பணி மாற்றப்பட்டது என்று சொன்னால் மட்டும் ஓட வேண்டிய வேலைகளை ஹேண்ட்லர் என்ற தனிப் பகுதியில் எழுதலாம் என்பதால், மறுதொடக்கம் தேவைப்படும்போது மட்டும் நடக்கும். ஒருமுறை ஓட்டினாலும் பத்துமுறை ஓட்டினாலும் கணினி அதே நிலையில்தான் வந்து நிற்கும். தானியக்கத்தில் இந்தப் பண்பு ஒன்றைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். வேகம் இரண்டாம் பட்சம். வீட்டில் மூன்றே கணினிகளை வைத்திருப்பவர் கையாலேயே விரைவாக முடித்துவிடலாம், அதில் ஐயமில்லை. ஆனால் பாதியில் அறுந்துபோன நிறுவலை எங்கே விட்டோம் என்று தேடாமல், அப்படியே மீண்டும் ஓட்டலாம் என்ற நிம்மதி கைவேலையில் கிடைக்காது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பிளேபுக்கில் எழுதிவிட்டதாலேயே ஒரு பணி இந்தப் பண்பைப் பெற்றுவிடாது. கே3எஸ்ஸின் நிறுவல் ஸ்கிரிப்டை ஆன்சிபிள் வழியாக நேரடியாக ஓட்டச் சொன்னால், அந்தக் கட்டளை உள்ளே என்ன செய்கிறது என்று ஆன்சிபிளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஓட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் மாற்றப்பட்டது என்றே சொல்லும். "கே3எஸ் கோப்பு ஏற்கெனவே இருந்தால் ஓட்டாதே" என்று நிபந்தனை கொடுப்பது பலர் செய்யும் தீர்வு. அதில் ஒரு குழி இருக்கிறது: பிறகு இன்வென்டரியில் பதிப்பு எண்ணை மாற்றினாலும், கோப்பு இருப்பதால் அந்தப் பணி தாண்டிப் போய்விடும், மேம்படுத்தல் நடக்கவே நடக்காது. நிறுவப்பட்டுள்ள பதிப்பு எதுவென்று முதலில் கேட்டு, அது நாம் எழுதிய பதிப்போடு பொருந்தாவிட்டால் மட்டும் ஸ்கிரிப்டை ஓட்டுமாறு எழுதுவதே சரி. பிளேபுக் முடிந்ததும் உடனே இரண்டாம் முறை ஓட்டிப் பாருங்கள். கடைசியில் வரும் தொகுப்பில் ஒவ்வொரு கணினிக்கும் எதிரே மாற்றங்கள் 0 என்று வர வேண்டும். வராவிட்டால் எந்தப் பணி மஞ்சளாக நிற்கிறதோ அது இன்னும் படியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, நிலையாக எழுதப்படவில்லை.

வரிசையும் டோக்கனும்

பிளேபுக்கின் உடல் மூன்று கட்டமாக அமையும். முதலாவது, எல்லாக் கணினிகளிலும் செய்ய வேண்டியவை: பெயர், நேரம், சிகுரூப், ஃபயர்வால். இரண்டாவது சர்வர். மூன்றாவது ஏஜென்ட்டுகள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஒரு கைமாற்று இருக்கிறது. ஏஜென்ட் கிளஸ்டரில் சேர வேண்டுமானால் சர்வரின் முகவரியும் ஓர் இரகசிய டோக்கனும் அதற்குத் தெரிய வேண்டும். டோக்கனைச் சர்வர் தான் முதன்முறை எழும்போது உருவாக்கி ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. பல பிளேபுக்குகள் அந்தக் கோப்பு தோன்றும் வரை காத்திருந்து, படித்து, ஏஜென்ட்டுகளுக்குக் கொடுக்கின்றன. அது தவறில்லை. ஆயினும் டோக்கனை நாமே முன்கூட்டி உருவாக்கி, ஆன்சிபிள் வால்ட் என்ற மறையாக்க வசதியால் பூட்டி, மற்ற அமைவுகளோடு சேர்த்து வைத்துக்கொள்வது மேலானது என்பது என் கருத்து. காரணம் வசதி மட்டும் அன்று. கிளஸ்டரின் சான்றிதழ்கள் உள்ளிட்ட தொடக்கத் தரவுகளைக் கே3எஸ் இந்த டோக்கனைக் கொண்டே பூட்டித் தரவுக் கிடங்கில் வைக்கிறது. சர்வர் எரிந்துபோய், கையில் தரவின் நகல் மட்டும் இருந்து டோக்கன் இல்லாவிட்டால், அந்த நகலிலிருந்து கிளஸ்டரை மீட்க முடியாது. ஆகவே டோக்கன் அந்தக் கணினிக்கு வெளியே வேறோர் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். மறையாக்கம் செய்யாமல் அதைக் கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) களஞ்சியத்தில் ஏற்றிவிடவும் கூடாது. டோக்கன் கையில் உள்ள எவரும் உங்கள் கிளஸ்டரில் ஒரு கணினியைச் சேர்த்துவிடலாம்.

நிறுவல் ஸ்கிரிப்டுக்கு நீண்ட தெரிவுகளைக் கட்டளை வரியிலேயே அடுக்குவதைவிட, கே3எஸ் தனக்கென்று படிக்கும் யாமல் அமைவுக் கோப்பை ஆன்சிபிளின் டெம்ப்ளேட் (வார்ப்புரு) வழியாக ஒவ்வொரு கணினியிலும் எழுதிவிடுவது தெளிவானது. கோப்பு மாறினால் ஹேண்ட்லர் சேவையை மறுதொடக்கம் செய்யும். கன்டெய்னர்களுக்கான முகவரி வரம்பு போன்ற சில அமைவுகள் மட்டும் கிளஸ்டர் முதன்முறை எழும்போதே நிலைபெற்றுவிடும்; அந்த வரம்பு இயல்பில் 10.42.0.0/16. உங்கள் அலுவலகப் பிணையமும் தற்செயலாக அதே வரம்பில் இருந்தால் நிறுவுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.

சர்வர் எழுந்ததும், கிளஸ்டரோடு பேசத் தேவையான முகவரியும் சான்றிதழும் அடங்கிய குபெகான்ஃபிக் கோப்பு அங்கே உருவாகியிருக்கும். அதை நம் மடிக்கணினிக்குக் கொண்டுவருவதும் பிளேபுக்கின் வேலையே. அந்தக் கோப்பில் சர்வரின் முகவரி 127.0.0.1 என்று, அதாவது "இதே கணினி" என்று எழுதப்பட்டிருக்கும். நகலெடுத்துவந்து அப்படியே பயன்படுத்தினால் நம் மடிக்கணினி தன்னிடமே கிளஸ்டரைத் தேடி, இணைப்பு மறுக்கப்பட்டது என்று சொல்லும். சர்வரின் உண்மையான முகவரியை அங்கே இட ஒரு பணி போதும். மிகச் சிறிய பணிதான், ஆனால் புதியவர்களின் ஒரு மாலை முழுவதையும் விழுங்கக்கூடியது.

ஒரு சர்வர் விழுந்தாலும் கிளஸ்டர் நிற்கக் கூடாது என்று விரும்பினால் எஸ்கியூலைட்டை விட்டு எட்சிடிக்கு மாற வேண்டும், சர்வர்களும் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். எட்சிடியில் எந்த முடிவும் பெரும்பான்மையின் ஒப்புதலோடுதான் எடுக்கப்படும். மூன்று சர்வர்களில் ஒன்று விழுந்தால் இரண்டு பேர் பெரும்பான்மை, வேலை நடக்கும். இரண்டே சர்வர்களில் ஒன்று விழுந்தால் எஞ்சிய ஒன்று பெரும்பான்மை ஆகாது. எனவே இரண்டு சர்வர் வைப்பது ஒன்றை வைப்பதைவிடப் பாதுகாப்பானதன்று. பிளேபுக்கில் முதல் சர்வர் கிளஸ்டரைத் தொடங்க, மற்றவை அதில் சேருமாறும், அதுவும் ஒவ்வொன்றாகச் சேருமாறும் எழுத வேண்டும். இன்னொன்று: எட்சிடி ஒவ்வொரு பதிவையும் வட்டில் உறுதியாக எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். மெமரி கார்டுகள் இந்தச் சுமைக்கு ஈடுகொடுப்பதில்லை, எஸ்எஸ்டி வேண்டும். ராஸ்பெரி பையில் கற்பவர்கள் ஒற்றைச் சர்வரோடு எஸ்கியூலைட்டில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பிற்பாடு ஒரு தெரிவைச் சேர்த்து மறுதொடக்கம் செய்தால் கே3எஸ் அதை எட்சிடிக்கு மாற்றிக்கொள்ளும்.

கிளஸ்டர் எழுந்த பிறகு அதற்குள் ஓட வேண்டிய செயலிகளையும் இதே பிளேபுக்கால் நிறுவலாமே என்று ஆசை வரும். அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. இருக்க வேண்டிய நிலையைப் பார்த்துக்கொள்ள உள்ளேயே ஒரு மேஸ்திரி எந்நேரமும் விழித்திருக்கிறார். நாம் ஓட்டும்போது மட்டும் வந்துபோகும் ஆன்சிபிளுக்கு அந்த வேலையைக் கொடுப்பது இரட்டை நிர்வாகம். கணினிகளும் கே3எஸ்ஸும் ஆன்சிபிளின் பொறுப்பு. உள்ளே ஓடும் செயலிகளோ, குபெர்நெட்டீஸின் கோப்புகளும் அவற்றைக் கிளஸ்டரில் நடைமுறைப்படுத்தும் ஃபிளக்ஸ், ஆர்கோ சிடி போன்ற கருவிகளும் பார்த்துக்கொள்ள வேண்டியவை. எல்லையில் நிற்கும் ஓரிரு அடிப்படைப் பொருள்களுக்கு மட்டும், சர்வரில் உள்ள மேனிஃபெஸ்ட் கோப்புறையில் ஒரு யாமல் கோப்பைப் போட்டுவிட்டால் கே3எஸ் தானாகவே அதை எடுத்து நிறுவிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தலாம்.

கே3எஸ் திட்டத்தினரே ஒரு ஆன்சிபிள் தொகுப்பைத் திறமூலமாகப் பராமரித்து வருகிறார்கள். உண்மையான பயன்பாட்டுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பிளேபுக்கை, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நீங்களே எழுதிவிட்டு அதன் பிறகு அந்தத் தொகுப்பைத் திறந்து படியுங்கள். அதில் ஒவ்வொரு பணியும் ஏன் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பதிப்பை உயர்த்தும் நாளிலும் அதே பிளேபுக்தான். இன்வென்டரியில் ஓர் எண்ணை மாற்றுகிறோம், சர்வர்கள் முதலில், ஒவ்வொன்றாக, பிறகு ஏஜென்ட்டுகள். குபெர்நெட்டீஸின் பதிப்பு எண்ணில் நடுவே உள்ள எண்ணை ஒவ்வொன்றாகத்தான் உயர்த்த வேண்டும், தாவக் கூடாது. ஓட்டுவதற்கு முன், எதையும் மாற்றாமல் என்னென்ன மாறும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை முறையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நேரடிக் கட்டளையாக எழுதிய பணிகள் ஒத்திகையில் தாண்டப்பட்டுவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு பயிற்சி. கிளஸ்டரில் முக்கியமான தரவு எதுவும் சேர்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஒரு கணினியின் மெமரி கார்டை அழிக்கும்போது, செயலிகள் அதன் உள்ளூர் வட்டில் எழுதிய கோப்புகளும் சேர்ந்தே அழிந்துவிடும். சர்வரில் தரவுத்தளக் கோப்புறையின் நகலை எடுத்து வெளியே வையுங்கள். பிறகு ஓர் ஏஜென்ட்டின் மெமரி கார்டை எடுத்து, முழுவதும் அழித்து, இயங்குதளத்தைப் புதிதாகப் பதிந்து, எஸ்எஸ்எச் மட்டும் திறந்துவிட்டு, பிளேபுக்கை ஓட்டுங்கள். பழைய பெயரிலேயே அது திரும்பி வரும்போது, முதலில் என்னை நிறுத்திய அதே கடவுச்சொல் வரி உங்களையும் நிறுத்தும், ஏனென்றால் பழைய கணுவின் இரகசியம் கிளஸ்டருக்குள் இன்னும் இருக்கிறது. பழைய கணுவைக் கிளஸ்டரிலிருந்து நீக்கினால் அந்த இரகசியமும் நீங்கும். அதன் பின் மீண்டும் ஓட்டினால் இணைந்துவிடும். அந்த நீக்கத்தையும் ஒரு சிறிய பிளேபுக்காக எழுதி, மற்றவற்றின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.